பெர்னிஸுக்கு ஓர் ஈரத் துண்டு

காலையில் எழுந்ததும் முதலில் வாய் கொப்பளிக்கிறேன். பச்சை நிற மவுத்வாஷ். புதினா வாசனை, நாக்கு சற்று எரியும். பிறகு காபியை எடுத்துக்கொண்டு பேஸ்மென்ட்டுக்கு இறங்குகிறேன். பாம்புகள் அங்கேதான் இருக்கின்றன. தண்ணீர்க் கிண்ணங்களைக் கழுவி நிரப்புகிறேன். எச்சம் கிடந்தால் எடுத்துவிட்டுக் காகிதம் மாற்றுகிறேன். ஈரப்பாசி வைத்த டப்பாக்களில் தண்ணீர் தெளிக்கிறேன். ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டியின் முன்னாலும் குனிந்து, யாருக்காவது கண் பால் பூத்திருக்கிறதா என்று பார்க்கிறேன். பூத்திருந்தால் சட்டை உரிக்கப் போகிறது என்று பொருள். அந்தப் பாம்பை அதன் பிறகு தொடமாட்டேன். மேலே வந்து முட்டை பொரித்துச் சாப்பிட்டுவிட்டு வேலைக்குக் கிளம்புகிறேன். நகரத்துக் குடிநீர் நிலையத்தின் ஆய்வகத்தில் வேலை.

என் மனைவி கொரீன் இருந்தபோதும் இதே ஒழுங்குதான். காபி இரண்டு கோப்பை. வாய் கொப்பளிக்கும் பழக்கம் மட்டும் அப்போது இல்லை.

நீங்கள் இரண்டு கேள்வி கேட்டீர்கள், டிடெக்டிவ். கொரீன் கையிலிருந்த துண்டில் எலி முடி எப்படி வந்தது என்பது ஒன்று. அவள் பாம்பின் தோலைப் பிடித்து இழுத்தாளா என்பது இன்னொன்று. பிப்ரவரியில் உங்கள் ஆட்கள் வந்தபோது இரண்டாவதற்கு மட்டும் பதில் சொன்னேன். இழுத்தாள், அதனால்தான் பெர்னிஸ் பாய்ந்தது என்றேன். எழுதிக்கொண்டார்கள். இப்போது பனியெல்லாம் உருகிவிட்டது, நீங்கள் மறுபடி வந்திருக்கிறீர்கள். இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன் தோலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

பாம்புக்கு அலங்காரம் எதுவும் தேவையில்லை. சோப்பு கூடாது. எண்ணெய் கூடாது. பளபளப்பாக இருக்கட்டும் என்று குழந்தை லோஷன் தடவுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு நான் வாதாடுவதில்லை. தேவை ஈரமும் பொறுமையும். காற்றில் ஈரம் இருந்தால் சட்டை மூக்கிலிருந்து வால் வரை ஒரே துண்டாக, காலுறையைக் கழற்றுவதுபோல வந்துவிடும். எங்கள் ஊரில் குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடுகிறது, காற்று காய்ந்துவிடுகிறது. அப்போது சட்டை ஒட்டிக்கொள்ளும். கண்மேல் ஒட்டிக்கொண்டால்தான் சிக்கல். பாம்புக்கு இமை கிடையாது. கண்ணை மூடியிருப்பது ஒரு கண்ணாடித் தோல். அதற்கும் சட்டை உண்டு. பழையது போகாமல் ஒட்டியிருந்தால் வெதுவெதுப்பான ஈரத் துண்டை அதன் மேல் வைத்துக் காத்திருக்க வேண்டும். பாம்பு தலையைத் துண்டில் தானே உரசிக்கொள்ளும். தானாக வரும். இன்று வரவில்லை என்றால் நாளை. இழுக்கக் கூடாது. இழுத்தால் பழையதோடு புதியதும் வந்துவிடும்.

கொரீன் பல் கிளினிக்கில் வேலை பார்த்தாள். பற்களைச் சுத்தம் செய்கிறவள். ஒட்டியிருப்பதைச் சுரண்டி எடுப்பது அவள் தொழில். அதில் கெட்டிக்காரி. நோயாளிகள் அவள் பெயரைச் சொல்லிக் கேட்டு வருவார்கள்.

அவளை முதலில் பார்த்தது ஊர்வனக் கண்காட்சி ஒன்றில். பாம்பு வளர்ப்பவர்களின் கிளப் ஒன்றில் நான் உறுப்பினர்; அதன் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். என் கையில் வால்டர் சுருண்டிருந்தது. பந்துபோலச் சுருளும் சின்ன மலைப்பாம்பு. கல்லூரி விடுதியில் யாருக்கும் தெரியாமல் துணிப் பெட்டியில் வைத்து வளர்த்தது. அந்த நாலு வருடத்தில் நான் அதிகம் பேசியது அதனுடன்தான்.

"கடிக்குமா?" என்றாள்.

"யாரும் தொந்தரவு பண்ணலன்னா கடிக்காது."

"பாம்பைச் சொல்றியா, உன்னைச் சொல்றியா?"

பக்கத்தில் இருந்த கிளப் தலைவர் லூ சிரித்து, டோனட் தூளைத் தாடியெல்லாம் சிந்தினார். "பாம்பு பரவால்லம்மா, பழகிடும். இவன்கிட்டதான் ஜாக்கிரதையா இருக்கணும்," என்றார். அவர் அதை நகைச்சுவையாகத்தான் சொன்னார். எங்கள் கல்யாண விருந்தில் அதையே மறுபடியும் சொன்னார்.

கொரீன் என்னை வாத்தியாரே என்று கூப்பிடுவாள். நான் எதையும் விளக்க ஆரம்பித்தால், "வாத்தியாரே, மணி அடிச்சாச்சு," என்பாள். நான் பேசாமல் இருந்தாலும் அவளுக்குப் பிடிக்காது. "டிர்க், உள்ள என்ன ஓடுது, சொல்லேன். ஒவ்வொரு வார்த்தையையும் உன் வாயிலேர்ந்து நான் கொக்கி போட்டு எடுக்க வேண்டியிருக்கு." சொல்வதற்கு ஒன்றும் இருக்காது. அவள் நம்பமாட்டாள்.

பெர்னிஸ் அவளுடைய பாம்பு. வலைபோல் கோலம் போட்ட பெரிய மலைப்பாம்பு, எங்கள் காரை விட நீளம். வீடு மாறிப் போன ஒருவர் வைத்துக்கொள்ள முடியாமல் கிளப்பில் விட்டுப்போனார். கொரீன்தான் தூக்கி வந்தாள். பள்ளியில் அவளுக்குக் கணக்கு எடுத்த டீச்சரின் பெயரை வைத்தாள். "அதே நடை, அதே பார்வை. பக்கத்துல வந்தாலே வீட்டுப் பாடம் ஞாபகம் வருது," என்பாள். பேஸ்மென்ட்டின் ஒரு மூலையையே அடைத்து, ஆள் உள்ளே போகிற அளவுக்குக் கூண்டு கட்டினோம்.

அவ்வளவு பெரிய பாம்பு வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு விதி உண்டு. தனியாகக் கூண்டுக்குள் போகக் கூடாது. ஒருவர் தலைப்பக்கம், இன்னொருவர் வால்பக்கம். பாம்பு ஆளைச் சுற்றிவிட்டால் தலையைப் பிடித்து இழுத்துப் பயனில்லை, வால் நுனியிலிருந்து பிரிக்க வேண்டும். அப்படிப் பிரித்தால் ஒரு ஆளே போதும். கவ்வியதை விடாவிட்டால் அதன் வாய்க்குள் சாராயம் கலந்த எதையாவது ஊற்ற வேண்டும். எரியும், விட்டுவிடும். கொரீன் கிளினிக்கிலிருந்து பெரிய மவுத்வாஷ் பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்து, கழுத்தில் கயிறு கட்டி, கூண்டுக் கதவின் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினாள். "நம்ம வீட்டுத் தீயணைப்பு நிலையம்," என்றாள்.

பச்சை நிறம். புதினா வாசனை.

போன வருடம் மே மாதம் வால்டருக்குக் கண்சட்டை ஒட்டிக்கொண்டது. இரண்டு முறை உரித்தும் அந்த ஒரு கண்ணில் மட்டும் பழையது போகவில்லை. நான் தினமும் ஈரத் துண்டு வைத்துக் காத்திருந்தேன். கொரீன் நான் கவலைப்படுகிறேன் என்று நினைத்தாள். நான் வேலைக்குப் போயிருந்தபோது, கிளினிக்கில் மாட்டிக்கொள்கிற உருப்பெருக்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நுண்ணிய இடுக்கியால் அதை எடுத்தாள். எனக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று எடுத்தாள். பழையது வந்தது. கூடவே புதியதும் வந்தது.

மாலை நான் கதவைத் திறந்தபோது படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். கையுறையைக்கூடக் கழற்றவில்லை.

"டிர்க், நான் ஒண்ணு பண்ணிட்டேன்."

மருத்துவர் களிம்பு கொடுத்தார். கண் சீழ் பிடித்தது. பிறகு தாடைக்குப் பரவியது. ஜூனில் ஊசி போட்டு நிரந்தரமாகத் தூங்க வைத்தோம். பின்பக்கத்து மேப்பிள் மரத்தடியில் புதைத்தேன். கொரீன் பக்கத்தில் நின்று அழுதாள்.

"திட்டேன்டா என்னை. எதையாவது தூக்கிப் போட்டு உடை. இப்படி நிக்காத."

"பரவால்ல," என்றேன். கீழே போய்த் தண்ணீர்க் கிண்ணங்களைக் கழுவினேன்.

நான் அவளைத் திட்டவில்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நாளும் குரல் உயர்த்தவில்லை. அக்கம்பக்கத்தில் கேட்டுப் பார்க்கலாம்.

கோடையில் அவள் மாறிப்போனாள். பாம்புகளைத் தொடுவதற்கு முன் என்னைப் பார்ப்பாள். தோலைப் பற்றி நான் கல்லூரியில் படித்ததையெல்லாம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். மணி அடிச்சாச்சு என்று சொல்வதை விட்டுவிட்டாள். பெர்னிஸ் செப்டம்பரில் சட்டை உரித்தபோது அது முழுசாக வந்தது. அதைத் தரையில் நீட்டி வைத்துப் பக்கத்தில் படுத்து அளந்தாள். "பாத்தியா, ஒரு கிழிசல் இல்ல. நான் கையே வைக்கல," என்றாள். நன்றாக இருக்கிறது என்றேன்.

அவள் அப்படி மாறியது எனக்கு உதவவில்லை. ஏன் என்று யோசித்திருக்கிறேன். அவளுக்கு அது முடிந்துபோன தவறு, கற்றுக்கொண்ட பாடம். எனக்கு வால்டர். வேறு மாதிரிச் சொல்லத் தெரியவில்லை.

ஜனவரியில் ஹீட்டர் நாள் முழுக்க ஓடியது. பெர்னிஸின் கூண்டில் ஈரம் ஊட்டும் கருவி ஒன்று இருக்கிறது. அதில் தண்ணீர் ஊற்றுவது என் வேலை. நான் ஊற்றவில்லை. முதல் நாள் மறந்துவிட்டேன். அடுத்த நாள் நினைவு வந்தது. அப்போதும் ஊற்றவில்லை. பெர்னிஸுக்குக் கண் பால் பூத்து, தெளிந்து, சட்டை உரிந்தது. துண்டு துண்டாக வந்தது. வலது கண்ணில் பழையது தங்கிவிட்டது.

கொரீன் பயந்துவிட்டாள். "நான் எதுவும் பண்ணலயே. நீ பாத்தல்ல, நான் பக்கத்துலயே போகல."

"தெரியும். காத்து காஞ்சிருக்கு, அவ்வளவுதான்."

"நீயே துண்டு வெச்சிடு. நான் தொடமாட்டேன்."

"இல்ல," என்றேன். "உன் பாம்பு. நீ பண்ணு. இந்தத் தடவை சரியா வரும்."

அவள் முகம் எப்படி மாறியது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். நான் மன்னித்துவிட்டேன் என்று எடுத்துக்கொண்டாள். மே மாதத்திலிருந்து அதற்குத்தான் காத்திருந்தாள். என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நான் அவள் முதுகில் கை வைத்திருந்தேன்.

ஒட்டிய சட்டையோடு இருக்கும் பாம்புக்கு இரை வேண்டாம், கண் சரியாகட்டும் என்று சொன்னேன். அது நியாயமான யோசனைதான். எந்தப் பாம்பு வளர்ப்பவரைக் கேட்டாலும் அப்படிச் சொல்லக்கூடும். பெர்னிஸ் பசியோடு இருந்தது.

அந்தச் சனிக்கிழமை காலை வாசலில் பனி அள்ளிவிட்டு உள்ளே வந்தேன். கொரீனுக்குக் கடுமையான சளி. மூக்கு சிவந்திருந்தது. காபியைக் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"வாசனையே தெரியல. வெந்நி குடிக்கிற மாதிரி இருக்கு. நீ நிஜமாவே காபித் தூள் போட்டியா?"

"போட்டேன்."

"பெர்னிஸ் கண்ணை இன்னிக்கே பாத்துடலாம். திங்கள்கிழமை கிளினிக்ல எல்லாருக்கும் சொல்லணும், வாத்தியார் என்னைப் பாஸ் போட்டுட்டார்னு."

வாத்தியார் என்று அவள் சொல்லி வெகு நாளாகியிருந்தது.

அன்று மற்றப் பாம்புகளுக்கு இரை போடும் நாள். உறைந்த எலிகளை வெந்நீர் வாளியில் போட்டிருந்தேன். உருகியதும் எடுத்து ஒவ்வொன்றாகத் துடைத்தேன். ஈரமாகக் கொடுத்தால் சில பாம்புகள் தொடாது. துடைத்தது நீலத் துண்டால். பிறகு அதே துண்டை வேறொரு வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, கொரீனிடம் கொடுத்தேன். முகர்ந்து பார்த்தாளா என்று கேட்காதீர்கள். அவளுக்கு வாசனை தெரியாது என்று காபி குடிக்கும்போதே சொல்லியிருந்தாள்.

பாம்பு வளர்க்கிற எல்லோருக்கும் தெரிந்த பாடம் ஒன்று உண்டு. எலியைத் தொட்ட கையோடு பாம்பைத் தொடாதே. புதிதாக வருகிறவர்களுக்கு லூ முதலில் சொல்வது அதைத்தான். பாம்புக்குக் கண்ணால் ஆளை அடையாளம் தெரியாது. வாசனையும் சூடும்தான் தெரியும். வெதுவெதுப்பாக, ஈரமாக, எலி வாசனையோடு முகத்துக்கு நேரே எது வந்தாலும் அது எலி.

மவுத்வாஷைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கேட்கவில்லை. பனி அள்ளப் போகும்போது ஆணியிலிருந்து எடுத்தேன். தூசி படிந்திருந்தது. மேலே கொண்டுபோய்த் துடைத்து, குளியலறைத் தட்டில் வைத்தேன். திரும்பக் கொண்டுபோகவில்லை.

கொரீன் உள்ளே போய்க் கொக்கிக் கோலால் பெர்னிஸின் கழுத்தைத் தட்டினாள். இது இரை இல்லை என்று பாம்புக்குச் சொல்கிற சமிக்ஞை. பெர்னிஸ் அமைதியாக இருந்தது. கொரீன் முழங்காலிட்டு, துண்டை அதன் தலைமேல் மெதுவாகப் போர்த்தி, இரண்டு கையாலும் லேசாகத் தாங்கினாள். நான் வால்பக்கம் நின்றேன். என் இடம் அது. பெர்னிஸ் தலையைத் துண்டில் உரசியது. ஒருமுறை, இன்னொருமுறை. நாக்கு வெளியே வந்தது. கொரீன் என்னைத் திரும்பிப் பார்த்து ஒன்று சொன்னாள். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பிறகு நடந்தது வேகமாக நடந்தது. தோளைப் பிடித்தது, சுற்றியது. கழுத்துவரை சுற்றியபோது அவளால் பேச முடியவில்லை. ஒரு கை வெளியே இருந்தது. அது கதவின் பக்கத்து ஆணியை நோக்கி நீண்டது. ஆணி காலியாக இருந்ததைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

வால் என் காலடியில் கிடந்தது. குனிந்தால் போதும்.

நான் பெர்னிஸைத் தூண்டவில்லை. கொரீன் மேல் கை வைக்கவில்லை. காத்திருந்தேன். என் பழக்கம் அது.

எல்லாம் ஓய்ந்த பிறகு மேலே போய்ப் போன் செய்தேன். வந்தவர்கள் பெர்னிஸைச் சுட்டார்கள். அதற்கு அவசியம் இருக்கவில்லை. சொன்னேன், கேட்கவில்லை. அன்றைக்கு அழுதேனென்றால் அப்போதுதான்.

கிளப்பில் எல்லோரும் ஆதரவாக இருந்தார்கள். மார்ச் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். சட்டை உரிக்கும் பாம்பை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று பேசினேன். ஈரம், பொறுமை, இழுக்காதீர்கள் என்றேன். என் மனைவி ஒரு கணம் பொறுமை இழந்து இழுத்துவிட்டாள் என்றேன். முன் வரிசையில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கூட்டம் முடிந்ததும் லூ என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"என் மருமகன் நேரா வீட்டுக்குப் போய் இடுக்கியத் தூக்கிக் குப்பைல போடப் போறானாம்டா. உன் பொண்டாட்டி எத்தனை பாம்போட கண்ணைக் காப்பாத்திட்டுப் போயிருக்கா, தெரியுமா?"

அது எனக்கு ஆறுதலாக இருந்தது. சொல்லச் சொல்ல எனக்கே நினைவு அப்படித்தான் வந்தது. அவள் விரல்கள், கண்ணின் ஓரம், ஒரு சின்ன இழுப்பு. ஏப்ரலில் கேட்டிருந்தால் சத்தியம் செய்திருப்பேன். ஒட்டியதைப் பிடுங்குவது அவள் சுபாவம், வால்டரிடம் செய்ததையே பெர்னிஸிடமும் செய்தாள், அதன் பலனை அடைந்தாள். கணக்கு நேராக இருந்தது.

நீங்கள் நேற்று அந்தத் துண்டின் படத்தை மேசைமேல் வைத்தீர்கள். எலி முடியைக் காட்டினீர்கள். நான் அதைப் பார்க்கவில்லை. துண்டின் மடிப்பில் வட்டமாக, மெல்லியதாக, கண்ணாடிபோல ஒன்று ஒட்டியிருந்தது. உங்களுக்கு அது அழுக்காகத் தெரிந்திருக்கும். அது பெர்னிஸின் பழைய கண்சட்டை. விளிம்பு கிழியவில்லை. சொட்டு ரத்தம் இல்லை. இழுத்து எடுத்தது அப்படி இருக்காது. என்னாலும் அதைவிடச் சுத்தமாக எடுத்திருக்க முடியாது.

ஆகவே உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில், இல்லை. அவள் இழுக்கவில்லை. முதல் கேள்விக்குப் பதில், நான். கொரீனைக் கொன்றது நான்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

இன்று காலை மவுத்வாஷ் தீர்ந்துவிட்டது. பாட்டில் குளியலறையில் இருக்கிறது, கழுத்தில் கயிற்றோடு. வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம்.

அவள் கடைசியாக என்ன சொன்னாள் என்று அவள் அம்மா அடக்கத்தன்று கேட்டார். உன்னை நேசிக்கிறேன் என்றாள் என்று சொன்னேன். லூ கேட்டபோது, ஐயோ இழுத்துட்டேன் என்றாள் என்று சொன்னேன். இரண்டுமே அவள் சொல்லக்கூடியவைதான். ஆனால் சொன்னது அது இல்லை. துண்டைத் தாங்கிப் பிடித்தபடி, சளி அடைத்த குரலில், பெர்னிஸ் மிரளக் கூடாது என்று மெதுவாகச் சொன்னாள். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நான் இழுக்கல வாத்தியாரே, பாரு. அதுவா வருது."